இடதுபக்கக் கொக்கி

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் ரங்கமன்னார். பெயரை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. ரங்கமன்னார். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் எல்லாம் பின்னால் வருவார்கள். முதல் ஆள் அவன். நீங்கள் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்களே, துணிக்கூரை போட்ட இந்தத் திறந்த கார், இது அவன் கார்தான். போன வாரம் உங்களுக்கு விற்றான். எனக்குத் தெரியும். இந்தக் கும்பகோணத்தில் அவன் தும்மினால்கூட யாராவது வந்து என்னிடம் சொல்லிவிடுவார்கள்.

உட்காருங்கள். அந்த முக்காலி ஒரு பக்கம் ஆடும், பார்த்து. சரி செய்ய வேண்டும், நேரமில்லை.

கூரைக் கொக்கியைப் பார்க்கிறேன். பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்வதை முதலில் கேட்க வேண்டும். கேட்காதவன் வண்டியில் நான் கை வைப்பதில்லை.

டீக்கடையில் வழி கேட்டீர்களாம். ‘வைத்தி பட்டறை எங்கே’ என்று கேட்டீர்களாம். டீக்கடைக்காரன் முழித்தானாம். பிறகு, ‘ஓ, நடுங்கி பட்டறையா சார், நேராப் போய் எடதுபக்கம்’ என்றானாம். சொல்லுங்கள், அப்படித்தானே சொன்னான்? கூச்சப்படாதீர்கள், நீங்கள் என்ன செய்வீர்கள். என் பெயர் வைத்தியலிங்கம். அந்தப் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நடுங்கி என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

இதோ, கையை நீட்டுகிறேன். பாருங்கள். நடுங்குகிறதா? அவசரப்படாமல் பாருங்கள். எழுபத்தொரு வயது. எங்கேயாவது அசைகிறதா? இல்லை அல்லவா? அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ரங்கமன்னாரும் ஒரே பட்டறையில் வேலை கற்றவர்கள். எனக்குப் படிப்பு மூன்றாவது வரை. அவனுக்கு எட்டாவது. அதனால் அவன் பேசுவான், நான் அரம் பிடிப்பேன். பிறகு அவன் மாமனார் வழியில் இந்த வண்டி வந்தது. அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. சுற்றுவட்டாரத்துக்கே ஒரே திறந்த கார். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு இதை விட்டால் வேறு வண்டி கிடையாது. முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் பெண் வீட்டுக்காரர்கள் இவனிடம் வந்துதான் தேதி கேட்பார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அவனே ஓட்டுவான். மாப்பிள்ளையைவிட இவன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்று தெரியாதவர்கள் இவனுக்குத்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட வண்டியில் ஒரு வருஷம் ஆவணி மாதத்தில் இடதுபக்கக் கொக்கி ஒடிந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது.

கொக்கி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், வண்டி வாங்கியிருக்கிறீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். கூரையை இழுத்து முன்னால் போட்டால் அதன் முன்கட்டை கண்ணாடிச் சட்டத்தின் மேல் வந்து உட்காரும். வலதுபக்கம் ஒரு கொக்கி, இடதுபக்கம் ஒரு கொக்கி. கொக்கியின் மூக்கு சட்டத்தில் இருக்கிற குழிக்குள் இறங்க வேண்டும். இறங்கியதும் கைப்பிடியைத் திருப்பினால் கூரையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மூக்கு ஒரு நூல் கூடினாலும் போச்சு, ஒரு நூல் குறைந்தாலும் போச்சு.

சென்னையில் கேட்டான், கிடைக்கவில்லை. பம்பாயில் கேட்டான், கிடைக்கவில்லை. ‘வைத்தி, நீதான்டா’ என்று என்னிடம் வந்தான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை எடுத்தேன். நெருப்பில் போட்டு, அடித்து, வளைத்து, எண்ணெயில் இறக்கி, அரத்தால் ராவி, பதினொரு நாள். பதினொரு நாளும் வேறு வேலை தொடவில்லை. கடைசி நாள் என்ன செய்தேன் தெரியுமா? பீடிக்கட்டு சுற்றி வருகிற தாளில் ஒரு துண்டு கிழித்து அந்தக் குழிக்குள் வைத்துக் கொக்கியை இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. தாளை எடுத்தேன். இறக்கினேன். டக். ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு தாளுக்கு இடம் கிடையாது தம்பி! அப்படிப் பொருத்தம். கம்பெனிக்காரன்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான்.

அப்போதே இவன் சொன்னான்: “ஏன்டா வைத்தி, கொஞ்சம் லூசா விட்டா என்ன? மழ வந்தா அவசரத்துல மூடணும்டா.”

“லூசா வேணும்னா வேற ஆளப் பாத்துக்க” என்றேன். “வைத்தியலிங்கம் கையில லூசா வராது.”

வாயை மூடிக்கொண்டான். அப்போது மூடிய வாயை எப்போது திறந்தான் பாருங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டி வழக்கம்போல என் பட்டறைக்கு வந்தது. எல்லா வருஷமும் இங்கேதான் பூஜை. செண்பகம் காலையிலேயே கல்லில் சந்தனம் இழைத்து ஒரு கிண்ணம் நிறைய வைத்திருந்தாள். செண்பகம் என் சம்சாரம், உள்ளே இருக்கிறாள், காப்பி கொண்டுவருவாள். மற்றவர்கள் எல்லாம் ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, பானெட்டில் ஒரு பொட்டு, முடிந்தது பூஜை என்று போய்விடுவார்கள். நான் அந்த ஆள் இல்லை. என் வேலை எங்கே இருக்கிறதோ அங்கே வைப்பேன். என் கொக்கிக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை. கட்டைவிரலால் அள்ளி, அந்தக் குழிக்குள், வாய் நிறைய வைத்தேன். அதன் மேல் குங்குமம். வேறு யாரையும் தொட விடவில்லை.

“போதுங்க. செவுத்துக்குப் பூசற மாதிரி அப்புறீங்களே” என்றாள் இவள்.

இவளுக்கு வேலையின் மரியாதை தெரியாது. இப்போதும் தெரியாது.

பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் நல்ல வெயில், கூரையைப் போட வேண்டிய வேலையே இல்லை. பிறகு ஐப்பசியின் முதல் முகூர்த்தம். பெரிய இடத்துக் கல்யாணம், மாப்பிள்ளை மாயவரம். இங்கே வருகிறான் இரண்டாவது ஆள், மாசிலாமணி. பூ ஜோடனைக்காரன். வண்டி முழுக்கச் சாமந்தியையும் கோழிக்கொண்டையையும் கட்டி, எங்கே இடம் கிடைத்தாலும் நாரை விட்டு இழுத்துக் கட்டினான். “கொக்கிப் பக்கம் போகாதடா” என்றேன். “நீ கொக்கியப் பாரு, நான் பூவப் பாக்கறேன்” என்றான். எவ்வளவு திமிர். நான் அப்போதே நினைத்தேன், இவன் நார் அந்தக் குழிக்குள் போகும் என்று.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நாதஸ்வரம், தவில், பெட்ரோமாக்ஸ் மாதிரி செய்த கரண்டு விளக்கு, இருநூறு பேர். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வண்டிக்கு இடதுபக்கமாகக் கூடவே நடந்தேன். என் கொக்கி அந்தப் பக்கம்தானே இருக்கிறது. நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

நாலு கடை தாண்டியிருக்காது, மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கேட்கவா வேண்டும். ரங்கமன்னார் வண்டியை நிறுத்திக் குதித்தான். கூரையை இழுத்துப் போட்டான். வலதுபக்கம் பழைய கொக்கி, போட்டதும் பூட்டிக்கொண்டது. இடதுபக்கம் என் கொக்கி. மூக்கு குழிக்குள் பாதி இறங்கி நின்றுவிட்டது. அழுத்தினான். உள்ளங்கையால் குத்தினான். நான் ஓடிப்போய், “அடிக்காதடா, அடிக்காதடா” என்றேன். காதில் வாங்கவில்லை. அதற்குள் கூரையின் நடுவில் ஒரு குளம் மாதிரி தண்ணீர் தேங்கிவிட்டது. காற்று ஒரு தூக்குத் தூக்கியது. இடதுபக்கம் கூரை எழும்பி, அந்தத் தண்ணீர் அவ்வளவும் மாப்பிள்ளை தலையில் இறங்கியது. கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளை. மாலையிலிருந்த சாமந்தி முகத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமன். மாயவரத்து வாய். “யோவ், மாப்பிள்ளை அழைப்புன்னு சொன்னீங்க! மாப்பிள்ளை குளிப்பாட்டுன்னு பத்திரிகையில போட்டிருந்தா துண்டு எடுத்துட்டு வந்திருப்பமே!” என்றான். சிரிப்பு. பெண் வீட்டார் முகம் செத்துவிட்டது.

ரங்கமன்னாருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தான். நான் நின்றேன். கையை நீட்டினான், என்னைப் பார்த்து. முப்பது வருஷம் ஒரே கிளாஸில் டீ குடித்த கை.

“இதோ நிக்கறான் பாருங்க செஞ்சவன்! வயசாயிடுச்சு, கை நடுங்குது. இவன்கிட்ட குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!”

இருநூறு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை தம்பி. கையைப் பார்த்தார்கள்.

அப்போது என் கை நடுங்கியது. உண்மை. நான் மறைக்க மாட்டேன். மழையில் நனைந்து நிற்கிறேன், ஒருவன் ஊர் முன்னால் அப்படிச் சொல்கிறான், யாருக்குத்தான் நடுங்காது? துண்டுக்குள் மறைத்தேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. ‘ஆமா, ஆமா, நடுங்குது பாரு’ என்று பின்னால் எவனோ சொன்னான். மறுநாள் காலையில் என் பெயர் நடுங்கி.

பெயர் என்றால் வெறும் பெயர் என்று நினைக்காதீர்கள். பஸ் கம்பெனியிலிருந்து மாதம் நாலு நுணுக்கமான வேலை வரும். நின்றது. நெல் மில்லிலிருந்து வரும். நின்றது. நாலு பேர் நேராகவே கேட்டார்கள், “பெரியவரே, கை எப்படி இருக்கு?” என்று. ஏதோ காய்ச்சல் விசாரிப்பது மாதிரி. இப்போது இந்தப் பட்டறைக்கு என்ன வருகிறது பார்த்தீர்களா? குக்கர் கைப்பிடி. வாணலிக்குக் காது. ஒரு தாளுக்கு இடம் விடாமல் ராவிய கையால் வாணலிக்குக் காது வைக்கிறேன், ஒன்பது வருஷமாக.

அவன் வந்து மன்னிப்புக் கேட்டானா? கேட்கவில்லை. தீபாவளிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினான். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். பிரிக்காமல் என்றுதான் நான் சொல்கிறேன். இரண்டு துண்டு குறைந்திருந்ததாக அவன் வீட்டில் சொன்னார்களாம். அதை இவளைத்தான் கேட்க வேண்டும்.

வா, வா, காப்பியை அங்கே வை. தம்பிக்குக் கொடு. சர்க்கரை போட்டாயா?

சரி. வண்டியைப் பார்ப்போம். டார்ச்சை இப்படிப் பிடியுங்கள். இது என்ன, நைலான் கயிறு? ஒன்பது வருஷமாக இடதுபக்கத்தைக் கயிற்றால் கட்டியா ஓட்டினான்? என் கொக்கியை அதற்குப் பிறகு அவன் தொடவே இல்லை. கழற்றி எறியவும் இல்லை, வேறு ஒன்று செய்து போடவும் இல்லை. அப்படியே விட்டு, பக்கத்தில் கயிறு. எப்படிப்பட்ட புத்தி பாருங்கள்.

இதோ கழற்றிவிட்டேன். கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு கீறல் உண்டா? ஒரு தேய்மானம் உண்டா? மூக்கைத் தடவிப் பாருங்கள். ஒன்பது வருஷம் முன்னால் வைத்தது போலவே இருக்கிறது. இதைச் செய்த கை நடுங்குகிற கையா? சொல்லுங்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம், ஒன்று கேட்கிறேன். என் பெயர் வைத்தி என்று உங்களுக்கு யார் சொன்னது?

இந்த ஊரில் எனக்கு நடுங்கி என்று பெயர். ரேஷன் கார்டில் வைத்தியலிங்கம். வைத்தி என்று என்னைக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். கீழே பார்க்காதீர்கள் தம்பி. அவன்தானே அனுப்பினான்? என்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள்.

‘அந்தக் கொக்கியில வேற எவன் கையும் படக்கூடாது. வைத்திகிட்டதான் போகணும். நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க.’

அப்படியா சொன்னான்.

கேட்டாயா செண்பகம்? ‘வேற எவன் கையும்.’ உங்களிடம் சொல்கிறான். வண்டியை விற்ற பிறகு, ஊர் தெரியாத ஆளிடம், கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறான். இருநூறு பேர் முன்னால் எடுத்த பெயரை ஒரு ஆள் காதில் திருப்பி வைக்கிறான். இதுவும் மைசூர்பாகுதான். அன்றைக்கு டப்பாவில், இன்றைக்கு உங்கள் வாயில். எனக்கு வேண்டாம்.

டார்ச்சை ஆட்டாதீர்கள். கொக்கியை மாட்டிவிட்டேன், இறக்குகிறேன். இறங்க வேண்டும். இறங்குகிறது... இல்லை. நின்றுவிட்டது. அதே இடம். அன்றைக்கு நின்ற அதே இடம்! நான் சொன்னேன் அல்லவா, மாசிலாமணியின் நார். குழிக்குள் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குத்தூசியை எடுங்கள். அது இல்லை, சின்னது. இன்றைக்கு அந்தப் பூக்காரன் வண்டவாளம் தெரிந்துவிடும். நீங்கள் சாட்சி.

சுரண்டுகிறேன். கெட்டியாக இருக்கிறது. கல் மாதிரி. வருகிறது. கையில் வாங்குங்கள், கீழே விடாதீர்கள். மஞ்சளாக இருக்கிறதா? சாமந்தி! சொன்னேனா இல்லையா? சாமந்தி இதழ் நசுங்கிக் காய்ந்தால் இப்படித்தான் மஞ்சளாக... நடுவில் ஒரு சிவப்பு. கோழிக்கொண்டை சிவப்புதான்.

செண்பகம், நீ ஏன் வருகிறாய்? இதில் உனக்கு என்ன வேலை? எச்சில் தொட்டுத் தேய்க்காதே, சாட்சிப் பொருள் அது.

என்ன வாசனை?

கொடு இப்படி.

...

“அன்னிக்கே சொன்னேன், போதும்னு” என்கிறாள். கேட்டீர்களா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னதை இன்றைக்கு ஞாபகம் வைத்திருக்கிறாள். அப்படி ஞாபகம் வைத்திருப்பது நல்ல குணமா? ஒரு மனுஷன் நிம்மதியாக இருக்க முடியுமா?

சந்தனம்தான். இருக்கட்டும். சந்தனம் வைத்தது தப்பா? சாமிக்கு வைத்தது. தொழிலுக்கு வைத்தது. அதற்கு இடமில்லாமல் போனது எதனால்? கொக்கி அவ்வளவு பொருத்தமாக இருந்ததனால். தாளே நுழையாத இடத்தில் சந்தனம் எப்படி நுழையும்? அப்படியென்றால் வேலை சுத்தம் என்றுதானே அர்த்தம்? யோசித்துப் பாருங்கள். கை நடுங்கிச் செய்திருந்தால் இடைவெளி இருந்திருக்கும். இடைவெளி இருந்திருந்தால் மூடியிருக்கும். மூடியிருந்தால் மாப்பிள்ளை நனைந்திருக்க மாட்டான். கை நடுங்காததனால்தான் தம்பி நனைந்தான்!

சிரிக்காதீர்கள். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை. அவன் என்ன சொன்னான்? ‘சந்தனத்தை அப்பிவிட்டான்’ என்றானா? சொல்லியிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். ஒருவேளை ஆமாம் என்றிருப்பேன். அவன் சொன்னது அது இல்லை. கை நடுங்குகிறது என்றான். அது பொய். அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய். சந்தனம் வேறு, கை வேறு.

முழுவதும் சுரண்டியாயிற்று. துணியால் துடையுங்கள். நகருங்கள்.

டக்.

கேட்டீர்களா? இன்னொரு தடவை. டக். ஒன்பது வருஷம் கழித்து அதே சத்தம். ஆட்டிப் பாருங்கள் கூரையை. உங்கள் பலம் முழுக்கப் போட்டு ஆட்டுங்கள். அசையாது. இனி அந்தக் கயிற்றை எடுத்து எறியுங்கள். இல்லை, எறியாதீர்கள், கொடுங்கள், அவனுக்குத் திருப்பி அனுப்பலாம்.

இருங்கள், அதற்குள் ஏறாதீர்கள். வேலை முடிந்ததும் ஒரு பொட்டாவது வைக்காமல் வண்டியை அனுப்பியதில்லை. செண்பகம், சந்தனக் கிண்ணத்தை எடு.

குங்குமம் மட்டும் கொண்டு வருகிறாள், பாருங்கள். “வெளியில வைங்க” என்கிறாள். அதிகாரம். வெளியில்தான் வைத்தேன். கைப்பிடியின் மேல், ஒரே ஒரு பொட்டு. அவள் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றியது.

கூலியா? அதைச் சட்டைப்பையில் வையுங்கள். எனக்கு வர வேண்டியது உங்கள் பையில் இல்லை.

ஒன்று செய்யுங்கள். போகும்போது அவன் தெரு வழியாகப் போங்கள். அவன் வாசலில் நிறுத்தி, கூரையைத் திறந்து ஒரு தடவை மூடுங்கள். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும், உள்ளே இருந்தாலும் கேட்கும். வெளியே வந்தால் சொல்லுங்கள்: வைத்தி கொக்கியைப் போட்டுக் கொடுத்துவிட்டான், அவன் பாக்கி அப்படியே இருக்கிறது என்று. பிள்ளையார் கோயில் வாசல். அதே இடம். இருநூறு பேர் வேண்டாம், ஐம்பது பேர் போதும். ‘வைத்தி கை நடுங்கல.’ மூன்று வார்த்தை. எட்டாவது படித்தவன், மூன்று வார்த்தை சொல்ல வராதா?

சந்தன விஷயத்தையா? அதை நீங்கள் சொல்ல வேண்டாம். அதை நானே சொல்லிக்கொள்வேன், அதே வாசலில், அதே ஐம்பது பேர் முன்னால். ஆனால் அவன் சொன்ன பிறகு. முதலில் அவன். முதலில் ஆரம்பித்தவன் அவன்தானே?

கையை எதற்குப் பார்க்கிறீர்கள்? இது கோபத்தில் வருவது. இது கணக்கில் சேராது. கிளம்புங்கள், மழை வருகிறது.